அலாரம் நின்றதா, அடித்ததா?

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில், ஒரு மருந்துக் கையேட்டைத் தமிழாக்கி முடித்து மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பியபோது, கூடவே ஒரு வரி ஆங்கிலமும் எழுதினேன்: ‘கைண்ட்லி ஓவர்லுக் தி டிராஃப்ட்.’ ‘ஓவர்’ என்றால் மேல், ‘லுக்’ என்றால் பார்வை. மேற்பார்வை என்ற நம் சொல்லே அப்படித்தானே அமைந்திருக்கிறது என்று துணிந்து எழுதியதுதான். அரை மணி நேரத்தில் அந்த அம்மையார் என் மேசைக்கு வந்து, “பார்க்காம விட்டுடுங்கன்னு நீயே எழுதியிருக்கியேம்மா, அப்புறம் எதுக்கு அனுப்பின?” என்று கேட்டார். கேட்ட குரலில் கோபமில்லை, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். அதனால்தான் இத்தனை ஆண்டுகள் கழித்தும் அந்த வரி என் நினைவில் இருக்கிறது.

‘லுக் ஓவர்’ என்று எழுதியிருந்தால் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்றாகியிருக்கும். ‘ஓவர்லுக்’ என்று எழுதியதால் கண்டுகொள்ளாமல் விடுங்கள் என்றாகிவிட்டது. சொற்கள் அதே இரண்டுதான். முன்பின்னாக மாறிய உடனே பொருள் தலைகீழாகிறது. இதற்கு நமக்கெல்லாம் பழக்கமான சான்று ஒன்று சாலையிலேயே இருக்கிறது. ஒரு பேருந்து இன்னொரு பேருந்தை முந்தினால் அது ‘ஓவர்டேக்’. ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்தால் அது ‘டேக் ஓவர்’. ஒருவர் மனம் நொந்தால் ‘அப்செட்’; அவரே ஒரு கடையை நிறுவினால் ‘செட் அப்’.

பழைய ஆங்கிலத்தில் ‘ஓவர்’, ‘அப்’ போன்ற இத்தகைய சிறுசொற்கள் வினைக்கு முன்னால் ஒட்டிக்கொள்வது பெருவழக்காக இருந்தது. பிறகு வந்த நூற்றாண்டுகளில் அவை மெல்ல வினைக்குப் பின்னால் நகர்ந்தன. நகராமல் முன்னாலேயே தங்கிவிட்டவை ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘வித்ஸ்டாண்ட்’ போன்ற சொற்கள். ‘வித்ஸ்டாண்ட்’ என்றால் கூட நிற்பது என்று தோன்றும். உண்மையில் எதிர்த்து நிற்பது. ஏனென்றால் பழைய ஆங்கிலத்தில் ‘வித்’ என்பதற்கு எதிர் என்பதே முதன்மையான பொருள். இன்றும் ‘ஃபைட் வித்’ என்று ஒருவர் சொன்னால் மற்றவருடன் சேர்ந்து சண்டையிட்டாரா, மற்றவரை எதிர்த்துச் சண்டையிட்டாரா என்பது இடம் பார்த்துத்தான் விளங்குகிறது. தமிழிலும் ‘அவனோடு சண்டை போட்டேன்’ என்பதில் அதே ஓடு உருபு அமர்ந்திருக்கிறது என்பது வேறு கதை.

ஆங்கிலத்தின் நெருங்கிய உறவுமொழியான ஜெர்மனில் இந்த இரண்டு நிலையும் இன்றுவரை ஒரே வினையில் தெரிகிறது. கைவிடுதல் என்பதற்கு அகராதியில் ‘ஆவுஃப்கேபன்’ என்று சேர்ந்தே இருக்கும். ‘ஆவுஃப்’ என்பது மேல், ‘கேபன்’ என்பது கொடு. நான் கைவிடுகிறேன் என்று சொல்லும்போது ‘இஷ் கேபெ ஆவுஃப்’ என்று சிறுசொல் பிரிந்து கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்தின் ‘கிவ் அப்’ அதன் அச்சு அசலான உடன்பிறப்பு.

இவற்றையெல்லாம் நான் மறுபடியும் கிளறிப் பார்க்கக் காரணம் என் அக்கா மகள். அவள் செவிலியர். வெளிநாட்டு மருத்துவமனைகளுக்குச் செல்வோர் எழுதும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வுக்கு ஆயத்தமாகும் பொருட்டு, சென்ற ஆண்டு மூன்று மாதம் என் வீட்டில் தங்கியிருந்தாள். அந்தத் தேர்வின் பேச்சுப் பகுதியில் இரண்டு நடிப்புகள் உண்டு. ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஐந்து நிமிடம். எதிரில் இருப்பவர் நோயாளியாகவோ நோயாளியின் உறவினராகவோ பேசுவார். தேர்வு எழுதுபவர் தம் தொழிலையே நடித்துக் காட்ட வேண்டும். இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு நான் நோயாளியாக நாற்காலியில் சாய்ந்துகொள்வேன். அவள் கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு எதிரில் உட்காருவாள்.

அந்த நோட்டு முழுக்கப் பட்டியல்தான். பயிற்சி மையம் ஒன்றில் கொடுத்ததாம். ‘புட் அப், புட் ஆஃப், புட் ஆன், புட் அவுட், புட் டவுன், புட் த்ரூ, புட் அப் வித்’ என்று ஒரு பக்கத்துக்கு முப்பது என்ற கணக்கில் இடப்புறம் ஆங்கிலம், வலப்புறம் தமிழ். அவற்றைப் பெருக்கல் வாய்பாடு போல உருப்போட்டிருந்தாள். முதல் நாள் நான் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ‘மை நீ இஸ் ப்ளேயிங் அப்’ என்று முனகினேன். பட்டியலில் ‘ப்ளே’ வரவில்லை. அவள் சற்று நேரம் விழித்துவிட்டு, “முட்டி விளையாடுதா சித்தி?” என்றாள். “உங்க பாட்டி என்ன சொல்லுவாங்க, நினைச்சுப் பாரு” என்றேன். “முட்டி படுத்துதுன்னு சொல்லுவாங்க” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். அதுதான் அதன் பொருள். நம் படுத்துவதற்குள் எங்கே படுக்கை இருக்கிறது? அவர்களுடைய ‘ப்ளேயிங் அப்’ என்பதற்குள்ளும் அந்த அளவுக்குத்தான் விளையாட்டு இருக்கிறது.

மறுநாள் அவள் எழுதிவைத்திருந்த தன்னறிமுகத்தைப் படித்துக் காட்டினாள். ‘ஐ பாஸ்ட் அவுட் இன் 2018’ என்ற வரி அதில் இருந்தது. பட்டம் பெற்றதைச் சொல்ல நம் நாட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறோம். அது பிழை என்றும் நான் சொல்ல மாட்டேன். பரங்கிமலையில் இருக்கும் இராணுவ அதிகாரிகள் பயிற்சிக் கழகத்தில் பயிற்சி முடித்தவர்களின் அணிவகுப்புக்கே ‘பாஸிங் அவுட் பரேட்’ என்றுதான் பெயர். ஆனால் பிரிட்டனில் படைத்துறைக்கு வெளியே ஒருவர் ‘பாஸ்ட் அவுட்’ என்றால் மயங்கி விழுந்தார் என்றே காதில் விழும். அதுவும் அதைச் சொல்பவர் ஒரு செவிலியர் என்றால் கேட்கவே வேண்டாம். அதே ‘பாஸ்’ ‘அவே’ என்ற சொல்லோடு சேர்ந்தால் ஆளே இல்லை. மயக்கத்துக்கும் மரணத்துக்கும் இடையே ஒரு சிறுசொல்தான் இருக்கிறது என்பதால், மருத்துவமனையில் இதை மாற்றிக் கேட்பது விளையாட்டுக் காரியமல்ல.

பட்டியலை மூடிவைக்கச் சொல்லிவிட்டு ஒரு தாளில் ‘எழுது’ என்று எழுதி அவளிடம் கொடுத்தேன். அதன் பின்னால் என்னென்ன ஒட்டும் என்று கேட்டேன். எழுதிவிட்டேன், எழுதிவைத்தேன், எழுதிக்கொண்டேன், எழுதிப்பார்த்தேன், எழுதிக்கொடுத்தேன், எழுதித் தள்ளினேன், எழுதித் தொலைத்தேன் என்று மூச்சுவிடாமல் அடுக்கினாள். கடைசியில் ‘எழுதிக் கிழித்தேன்’ என்றும் சேர்த்துக்கொண்டாள். இவற்றை யாராவது உனக்குப் பட்டியல் போட்டுச் சொல்லிக்கொடுத்தார்களா என்றேன். எழுதிவிட்டேன் என்பதில் எதையும் கையிலிருந்து விடவில்லை. எழுதிவைத்தேன் என்பதில் ஓர் இடத்தில் எதையும் வைக்கவில்லை. பின்னால் உதவும் என்ற முன்யோசனைதான் அந்த ‘வை’. எழுதித் தொலைத்தேன் என்பதில் எதுவும் காணாமற்போகவில்லை. எரிச்சல் மட்டுமே அங்கே இருக்கிறது. இலக்கணத்தில் துணைவினை என்று இதைச் சொல்கிறோம். தன் சொந்தப் பொருளைக் கழற்றி வைத்துவிட்டு, முன்னால் நிற்கும் வினை முடிந்ததா, யாருக்காக முடிந்தது, பேசுபவருக்கு அதில் விருப்பமா வெறுப்பா என்பதைச் சொல்வதுதான் அதன் வேலை. ஆங்கிலத்தில் வினைக்குப் பின்னால் வந்து நிற்கும் சிறுசொல்லும் பல இடங்களில் செய்வது அந்த வேலையைத்தான்.

‘அப்’ என்பதையே எடுத்துக்கொள்வோம். மேலே என்ற பொருளோடு அது வரும் இடங்கள் யாருக்கும் குழப்பம் தருவதில்லை. ‘ஈட் அப்’, ‘டிரிங்க் அப்’, ‘யூஸ் அப்’, ‘டேர் அப்’ என்பவற்றில் மேலும் இல்லை, கீழும் இல்லை. மிச்சம் வைக்காமல் செய் என்பது மட்டுமே உண்டு. ‘டிரிங்க் யுவர் மில்க்’ என்றால் பாலைக் குடி. ‘டிரிங்க் அப் யுவர் மில்க்’ என்றால் பாலைக் குடித்துவிடு. தட்டில் கடைசிக் கவளத்தோடு உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் ஓர் ஆங்கிலத் தாய் சொல்லும் ‘ஈட் அப்’ என்பதும், நாம் சொல்லும் ‘சாப்பிட்டுடு’ என்பதும் ஒரே குரல்தான். இதைக் கேட்டதும் அக்கா மகள் தன் நோட்டைத் திறந்து, ‘அப்’ வரும் வரிகளுக்கு எதிரே ‘விடு’ என்று எழுத முனைந்தாள். தடுக்க வேண்டியதாயிற்று. ஏனென்றால் ஆங்கிலத்தில் வீடு எரிந்துபோனால் ‘பர்ன் டவுன்’, கடிதம் எரிந்துபோனால் ‘பர்ன் அப்’. வீடு எரிந்தால் தரைமட்டமாகும், கடிதம் எரிந்தால் புகையாக மேலே போகும் என்று காரணம் சொல்லிக்கொள்ளலாம், சொல்லிக்கொள்வதில் தவறுமில்லை. ஆனால் வண்டியின் வேகத்தைக் குறைக்க ‘ஸ்லோ டவுன்’ என்றும் ‘ஸ்லோ அப்’ என்றும் சொல்வதற்கு இந்தச் சமாதானம் உதவாது. படிவத்தை நிரப்ப ‘ஃபில் இன்’, ‘ஃபில் அவுட்’ இரண்டும் சரி; உள்ளும் வெளியும் ஒரே காரியத்தில் முடிகின்றன.

எழுதுவதற்கு ஆங்கிலத்திலும் ஒரு வரிசை உண்டு. ‘ரைட் டவுன்’ என்பது மறந்துபோகாதிருக்க எழுதிவைப்பது. ‘ரைட் அப்’ என்பது குறிப்புகளை வைத்துக்கொண்டு முழுமையாக எழுதி முடிப்பது. ‘ரைட் அவுட்’ என்பது சுருக்காமல் விரித்து எழுதுவது. ‘ரைட் ஆஃப்’ என்பது வராத கடனைக் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்குவது. அதைக் கடன் தள்ளுபடி என்று நாளிதழ்கள் மொழிபெயர்த்தால் வங்கிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். தள்ளுபடி என்றால் கடனே இல்லை, ‘ரைட் ஆஃப்’ என்றால் கணக்கில் நீக்கினாலும் வசூல் தொடரும். ஒரு மொழிபெயர்ப்பில் இந்த வேறுபாட்டைத் தவறவிட்டு நானே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

வாங்கிக் கட்டிக்கொள்வது என்பதை ஓர் அயலாருக்கு எப்படி விளக்குவது? எதை வாங்கினாய், எதில் கட்டினாய் என்று அவர் கேட்பார். ஆங்கிலத்தில் அதற்கு நேரான சொல் ‘பீ டோல்ட் ஆஃப்’. அதே ‘டெல்’ ‘ஆன்’ என்ற சொல்லோடு வந்தால் போட்டுக்கொடுப்பது. போட்டுக்கொடுப்பதில் போடுவதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. ஒருவன் செய்ததை ஆசிரியரிடமோ அப்பாவிடமோ போய்ச் சொல்வதுதான் இருக்கிறது. கண்டுபிடிப்பதை ‘ஃபைண்ட் அவுட்’ என்றும், விட்டுக்கொடுப்பதை ‘கிவ் இன்’ என்றும் வைத்துப் பார்த்தால் இரண்டு மொழியும் ஒரே உத்தியைத் தொட்டிருப்பது தெரியும். தள்ளிப்போடுவது என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பாக இருக்கும். ‘புட் ஆஃப்’ என்பதில் ‘புட்’ போடு, ‘ஆஃப்’ தள்ளி. இது கடன் வாங்கியது போலத் தெரிந்தாலும், பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதைத் தள்ளிப்போட நமக்கு யாரிடமும் கடன் வாங்க வேண்டிய தேவை இருந்திருக்காது.

ஆனாலும் இந்த ஒப்புமை ஓர் எல்லைக்கு மேல் போகாது. நம் வழக்கில் பெரும்பாலும் முதலில் நிற்கும் வினையே பொருளைச் சுமக்கிறது. பின்னால் வருவது சாயலை மட்டும் ஏற்றுகிறது. ஆங்கிலத்தில் ‘ஈட் அப்’ வகை அப்படித்தான் என்றாலும், அன்றாடப் பேச்சில் மிகுதியாகப் புழங்குபவை ‘கெட்’, ‘புட்’, ‘கோ’, ‘டேக்’, ‘கம்’ போன்ற வெற்று வினைகளோடு சேர்ந்தவை. அங்கே வினை ஒரு காலிப் பாத்திரம். ‘கெட் அப்’ எழுந்திரு, ‘கெட் ஓவர்’ மீண்டு வா, ‘கெட் பை’ எப்படியோ சமாளி, ‘கெட் அலாங்’ ஒத்துப்போ. நான்கிலும் ‘கெட்’ என்ன செய்கிறது என்று கேட்டால் விடையில்லை. சுமை முழுவதும் சிறுசொல்லின் தலையில்தான் இருக்கிறது. இதற்குச் சான்று ஆங்கிலத்தில் தேட வேண்டியதில்லை. தமிழ் வீடுகளிலேயே கிடைக்கிறது. ‘ஸ்விட்ச் ஆன்’, ‘டர்ன் ஆஃப்’ என்பவற்றிலிருந்து வினையைத் தூக்கி எறிந்துவிட்டு, சிறுசொல்லை மட்டும் வைத்துக்கொண்டு, ‘ஃபேனை ஆன் பண்ணு’, ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்று நம் வினையைப் பூட்டிவிட்டோம். எது உயிர், எது கூடு என்று இலக்கணம் படிக்காதவர்களுக்கும் சரியாகவே தெரிந்திருக்கிறது. சென்னைப் பேருந்துகளில் நடத்துநர் ‘ஓல்டான்’ என்று குரல் கொடுத்தால் வண்டி நிற்கிறது. அது ‘ஹோல்ட் ஆன்’ என்பதன் தேய்ந்த வடிவம் என்று யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. ‘பில்டப் கொடுக்காதே’, ‘எல்லாம் செட்டப்’ என்று நாம் சொல்வதைக் கேட்டால், ஆங்கிலேயர் ஒருவர் தம் சொற்கள்தாமா இவை என்று திகைத்துப்போவார்.

பெயரோடும் வினையோடும் சேர்ந்து நடக்கும், தமக்கென்று தனி இயல்பு இல்லாதவை என்று இடைச்சொற்களைத் தொல்காப்பியத்தின் இடையியல் அறிமுகப்படுத்துகிறது. ஆங்கிலச் சிறுசொற்களைப் பற்றி நான் கேள்விப்பட்டவற்றில் இதைவிடப் பொருத்தமான வரையறை இல்லை. ‘ஆஃப்’ என்றால் என்ன என்று கேட்பவருக்கு அதைத் தவிர வேறு என்ன விடை சொல்ல முடியும்? அதிகாலை ஐந்து மணிக்கு அலாரம் ‘வென்ட் ஆஃப்’ என்றால் அடித்தது என்று பொருள். அதே நேரத்தில் விளக்கு ‘வென்ட் ஆஃப்’ என்றால் அணைந்தது. பால் ‘வென்ட் ஆஃப்’ என்றால் கெட்டுப்போனது. வெடிகுண்டு என்றால் வெடித்தது. கணவர் என்றால் எங்கோ கிளம்பிப்போனார். ‘தி அலாரம் வென்ட் ஆஃப், ஸோ ஐ ஸ்விட்ச்ட் இட் ஆஃப்’ என்ற ஒரு வாக்கியத்துக்குள்ளேயே முதல் ‘ஆஃப்’ தொடங்கிவைக்கிறது, இரண்டாவது ‘ஆஃப்’ நிறுத்துகிறது. அக்கா மகள் இந்த இடத்தில் நோட்டை உண்மையிலேயே தூக்கி வைத்துவிட்டாள். பூட்டி வைத்திருந்த ஒன்று பிடியிலிருந்து விடுபட்டது என்ற எண்ணம் அலாரத்துக்கும் வெடிக்கும் கிளம்புவதற்கும் அடியில் ஓடுகிறது. தொடர்பு அறுந்தது என்ற எண்ணம் விளக்குக்கு அடியில் ஓடுகிறது. பிடி விடுபடுவதும் தொடர்பு அறுவதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்பவைதாம் என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்தினேன். முழுக்கச் சமாதானமானாளா என்பது வேறு.

அவளுக்கு ஆறுதலாக இன்னொன்றும் சொன்னேன். ஆங்கில அகராதியின் தலைமகனான சாமுவேல் ஜான்சன், 1755-இல் வெளிவந்த தம் அகராதியின் முன்னுரையிலேயே, சிறுசொல்லைப் பின்னால் ஒட்டி வினையின் பொருளை மாற்றும் இந்த வழக்கம் வேறெந்த மொழியையும்விடத் தம் மொழியில் ஒருவேளை மிகுதி என்றும், அயலாருக்கு மிகப் பெரிய இடர் இதுவே என்றும் எழுதிவிட்டார். தாம் பெருமுயற்சியோடு திரட்டிய தொகுப்பில் விட்டுப்போனவற்றை, இருப்பவற்றோடு ஒப்பிட்டு எளிதில் விளக்கிக்கொள்ளலாம் என்றும் நம்பிக்கை தெரிவித்தார். அந்த நம்பிக்கை பாதிதான் பலித்தது. இந்தக் கூட்டுக்கு ‘ஃப்ரேஸல் வெர்ப்’ என்ற பெயரே வெகுகாலம் கழித்து, 1925-இல் லோகன் பியர்சால் ஸ்மித் எழுதிய நூல் வழியாகத்தான் பரவியது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான ஹென்றி பிராட்லி அந்தப் பெயரைத் தமக்குச் சொன்னதாக அவர் குறித்திருக்கிறார். பேச்சில் பல நூற்றாண்டுகளாக இருந்த ஒன்றுக்கு இந்தப் பெயர் பரவி நூறாண்டுதான் ஆகிறது.

பட்டியலில் இல்லாத, ஆனால் காதால் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு செய்தி உண்டு. ‘ரான் அப் எ ஹில்’, ‘ரான் அப் எ பில்’ என்ற இரண்டையும் பாருங்கள். முதலாவதில் ஒருவர் குன்றின் மேல் ஓடினார். இரண்டாவதில் கடையில் கடனை ஏற்றிக்கொண்டே போனார். ஹில்லுக்குப் பதிலாக ‘இட்’ போட்டால் ‘ரான் அப் இட்’ என்று கடைசியில் வரும். பில்லுக்குப் பதிலாகப் போட்டால் ‘ரான் இட் அப்’ என்று நடுவில் புகுந்துகொள்ளும். குன்றோடு வந்த ‘அப்’ குன்றுக்குச் சொந்தம். அதைத்தான் ப்ரெபொசிஷன் என்று பள்ளியில் படித்தோம். பில்லோடு வந்த ‘அப்’ வினைக்குச் சொந்தம். குரலும் இதைக் காட்டிக்கொடுக்கும். வினைக்குச் சொந்தமான சிறுசொல்லை அழுத்திச் சொல்வார்கள்: ‘புட் இட் ஆஃப்’, ‘ஸ்விட்ச் இட் ஆன்’ என்பவற்றில் கடைசிச் சொல் தட்டி ஒலிக்கும். ‘லுக் அட் இட்’ என்பதில் ‘அட்’ இருப்பதே தெரியாமல் நழுவும். நாம் பெரும்பாலும் எல்லாச் சொல்லையும் ஒரே அழுத்தத்தில் உச்சரிப்பவர்கள். அதனால்தான் நாம் பேசும் ஆங்கிலத்தில் ‘புட் ஆஃப் இட்’ என்ற வரிசை வந்தாலும் நம் காதுக்கு உறுத்துவதில்லை. அக்கா மகளுக்கு ஒரு வாரம் முழுவதும் மேசையைத் தட்டித் தட்டி இதைப் பழக்கினேன்.

இனி, தமிழர் செய்யும் பிழைகள் என்று சொல்லப்படுபவை. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்பது அவற்றுள் புகழ்பெற்றது. இதைச் சொன்னதற்காகப் பள்ளியில் தலையில் குட்டு வாங்காதவர்கள் குறைவு. ஆனால் ‘டிஸ்கஷன் அபௌட்’ சரி, ‘டாக் அபௌட்’ சரி, ‘ஆர்க்யூ அபௌட்’ சரி, ‘டிஸ்கஸ்’ ஒன்று மட்டும் ‘அபௌட்’ என்பதைச் சேர்த்துக்கொள்ளாது என்றால், பிழை செய்பவனிடம் தர்க்கம் இருக்கிறதா, மொழியிடம் இருக்கிறதா? ‘கோப் வித்’ என்பதை ‘கோப் அப் வித்’ என்று நாம் சொல்வதும் அப்படியே. ‘கீப் அப் வித்’, ‘புட் அப் வித்’, ‘கேட்ச் அப் வித்’ என்று மூன்று அண்டை வீட்டுக்காரர்கள் இருக்கும்போது நான்காவது வீட்டிலும் ‘அப்’ இருக்கும் என்று நினைத்தது குற்றமா? திருத்த வேண்டும் என்பதை மறுக்கவில்லை. தேர்வில் மதிப்பெண் போகும். அறியாமை என்று இகழ்வதைத்தான் ஏற்க முடியவில்லை.

வேறு சில பிழைகள் நம் வேற்றுமை உருபுகளிலிருந்து வருகின்றன. பாட்டைக் கேட்கிறோம், ஆகவே ‘லிசன் தி சாங்’. அவன் மேல் கோபம், ஆகவே ‘ஆங்ரி ஆன் ஹிம்’. பேருந்திலிருந்தும் இறங்குகிறோம், காரிலிருந்தும் இறங்குகிறோம், மாடியிலிருந்தும் இறங்குகிறோம். இறங்குவதில் கீழே என்பது அடங்கியிருப்பதால் எல்லாவற்றுக்கும் ‘கெட் டவுன்’ என்கிறோம். ஆங்கிலத்திலோ பேருந்து, ரயில், விமானம், குதிரை, மிதிவண்டி என்றால் ‘கெட் ஆஃப்’. கார் என்றால் ‘கெட் அவுட்’. எழுந்து நடமாடக்கூடிய ஊர்தியின் மேலும் ஏறி உட்காரும் விலங்கின் மேலும் இருப்பதாக அவர்களுக்குத் தோன்றுகிறது. குனிந்து நுழைந்து உட்காரும் காருக்குள் இருப்பதாகத் தோன்றுகிறது.

உருபுகள் தர்க்கத்துக்குக் கட்டுப்பட்டவை என்ற மயக்கம் நமக்கு வேண்டாம். தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயலே இருக்கிறது. அச்சப் பொருள் தரும் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் வரலாம், ஐந்தாம் வேற்றுமையும் வரலாம் என்று அதில் சொல்லியிருக்கிறது. பழியை அஞ்சும், பழியின் அஞ்சும் என இரண்டும் சரி. இன்று நாம் பழிக்கு அஞ்சுகிறோம், பாம்புக்குப் பயப்படுகிறோம். இரண்டையும் விட்டு நான்காம் வேற்றுமைக்கு வந்துவிட்டோம். அஞ்சப்படும் பொருள் மாறவில்லை, அச்சமும் மாறவில்லை, உருபு மட்டும் இடம்பெயர்ந்தது.

பிழைகளைவிட எனக்குப் பெரிய இடராகத் தெரிவது வேறொன்று. நாம் ஆங்கிலத்தைப் பாடநூலிலும் அலுவலகக் கோப்பிலும் கற்றவர்கள். ஆகவே ‘போஸ்ட்போன்’, ‘டாலரேட்’, ‘எக்ஸ்டிங்குவிஷ்’, ‘இன்வெஸ்டிகேட்’ என்ற லத்தீன் வழிச் சொற்களே நம் வாயில் முதலில் வருகின்றன. ஆங்கிலேயர் வீட்டுக்குள் அவை ‘புட் ஆஃப்’, ‘புட் அப் வித்’, ‘புட் அவுட்’, ‘லுக் இன்ட்டு’. நம் பேச்சு இலக்கணப்படி சரியாக இருந்தும், அடுப்படியில் நின்றுகொண்டு அரசாணை வாசிப்பதுபோல் ஒலிப்பது இதனால்தான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘போஸ்ட்போன்’ என்பதையே பிரித்தால் லத்தீனில் பின்னால் வை என்றுதான் வரும். அதுவும் ஒரு காலத்தில் சிறுசொல்லும் வினையும் சேர்ந்த எளிய கூட்டே. அதைப் பார்த்து உருவாகி, இந்தியர்கள் புழங்கும் ‘ப்ரிபோன்’ என்ற சொல் இன்று ஆக்ஸ்ஃபோர்டு அகராதியிலும் இருக்கிறது. அதற்கு பிரிட்டனில் சொல்லும் ‘ப்ரிங் ஃபார்வர்ட்’ என்பதைவிட ‘ப்ரிபோன்’ கச்சிதமானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

தேர்வில் அவள் தேறிவிட்டாள். இங்கிலாந்தின் வடக்கே ஒரு நகரத்தில், முதியோர் பிரிவில் இப்போது வேலை. இரவுப் பணி முடித்துவிட்டு அவ்வப்போது கூப்பிடுவாள். நலம் விசாரித்து முடித்ததும் அன்றைய நோயாளிகளிடம் கேட்ட ஒரு சொல்லாவது வந்துவிடும். சென்ற வாரம் சொன்னது ஒரு மூதாட்டியைப் பற்றி. விடியற்காலை மூன்று மணிக்கு மணியை அழுத்தியிருக்கிறார். இவள் ஓடிப்போய்ப் பார்த்தால், தண்ணீர்க் குவளை எட்டாத தூரத்தில் இருந்தது, அவ்வளவுதான். எடுத்துக் கொடுத்தபோது அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ‘ஐ டிடின்ட் வான்ட் டு புட் யூ அவுட், லவ்’ என்றாராம்.

“நோட்டுல ‘புட் அவுட்’னா தீயை அணைக்கிறதுன்னு இருந்துச்சு சித்தி. ஆனா அந்த நேரம் அது ஞாபகமே வரலை” என்றாள். “பாட்டி ராத்திரி தண்ணி கேட்டா, ‘உன்னை எழுப்பிட்டேனே’ன்னு ஒரு குரல்ல சொல்லுவாங்களே, அதே குரல். பரவாயில்ல பாட்டின்னு தமிழ்லயே சொல்லிட்டேன்.”